உப்புக்காற்றில் ஒரு மீன் லாரி

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். 1/24 அளவில் ஓர் ஐரோப்பிய லாரியின் பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல்) வாங்கி, ஐப்பசியில் கட்டத் தொடங்கினேன். கேபினுக்குப் பளபளப்பான சிவப்பு ஸ்பிரே அடித்தேன். காய்ந்து பார்த்தால் மேலெல்லாம் வெண்மை படர்ந்து மங்கிக் கிடக்கிறது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தும் அதே கதைதான். கடலோரத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா? இந்த லாரியை நம் பக்கத்து மீன் லாரியாக மாற்றவும் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தாராளமாக முடியும். உங்கள் கையிலும் குறையில்லை, பெயிண்டிலும் குறையில்லை. அடித்த மாதம்தான் சரியில்லை. கடலோரத்தில் மாடல் செய்கிறவர் முதலில் காற்றைப் படிக்க வேண்டும். பிரஷ், ஸ்பிரே, கம்ப்ரெசர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வெண்மை எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஸ்பிரே டப்பாவில் இருப்பது பெரும்பாலும் லாக்கர் வகைப் பெயிண்ட். அதன் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும் எதுவும் தான் இருந்த இடத்துச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் போகும். அதனால் பெயிண்ட் விழுந்த பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. ஐப்பசி மழைக்காலத்துத் தீவுக்காற்று ஏற்கெனவே தாங்கக்கூடிய ஈரத்தையெல்லாம் தாங்கி நிற்கிறது. குளிர்ந்த பரப்பில் பட்டதும் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளாகப் படிந்து, இன்னும் காயாத பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீர் பின்னால் போய்விடும். அது இருந்த நுண்ணிய குழிகள் மட்டும் தங்கிவிடும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் சிவப்பின் மேல் வெள்ளைத் திரை போட்டதாகத் தெரிகிறது. நிறம் கெடவில்லை, பரப்புதான் கெட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கேபினைத் தூக்கி எறிய வேண்டாம்.

பளபளப்பான லாக்கர் அடிக்கக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி, வேலை செய்யும் மேசையிலேயே வைத்துவிடுங்கள். நல்ல பிரஷ் வாங்குவதற்கு முன்பே இதை வாங்கச் சொல்வேன். கடலோரத்தில் 60 சதவீதம் எங்கே கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்கும். காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய ஈரத்தின் அளவு கூடுகிறது. காலையில் 26 டிகிரி வெப்பத்தில் 85 சதவீதம் காட்டும் காற்றை, ஈரம் கூடாமலும் குறையாமலும் 33 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்று ஏறக்குறைய 57 சதவீதம்தான் காட்டும். விடிகாலையில் அமைதியாக இருக்கிறது, தூசி இல்லை என்று நினைத்து ஸ்பிரேயை எடுப்பவர்கள் நாளின் மிக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெயில் ஏறி, கடற்காற்று வீட்டுக்குள் நுழையும் முன் கிடைக்கும் முற்பகல்தான் உங்கள் நேரம். பத்தரை மணிக்கு மானியைப் பாருங்கள், பதினொன்றரைக்கு ஒரு முறை பாருங்கள். ஒரு வாரம் குறித்துவைத்தால் உங்கள் வீட்டின் நேரம் எது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இராமநாதபுரம் கடற்கரை முழுவதற்கும் ஒரே விதி பொருந்தாது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்று வீசும்போது தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் அது நிலத்தைக் கடந்து வருகிறது. வறண்ட காற்று, ஈரம் குறைவு, புழுதி அதிகம். அதே காற்று பாம்பனுக்கும் இராமேஸ்வரத்துக்கும் மன்னார் வளைகுடாவைக் கடந்து வருகிறது. ஈரத்தையும் உப்பையும் ஏற்றிக்கொண்டே தீவைத் தொடுகிறது. தொண்டியில் இருக்கும் நண்பர் ஆடி மாதத்தில் தைரியமாகப் பளபளப்பு அடிப்பதைப் பார்த்து நீங்களும் அடித்துவிடாதீர்கள். அவருக்குப் புழுதியைத் தடுக்க மூடிய அறை போதும். உங்களுக்கு ஈரத்தையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பளபளப்பான ஸ்பிரே வேலையை ஒத்திவைத்துவிடுங்கள். அந்த மாதங்களுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது: வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் பிரஷ்ஷால் வண்ணம் தீட்டுவது. தண்ணீர் வகை அக்ரிலிக்குக்கு இந்த ஈரக்காற்று ஒரு வரம். வறண்ட ஊர்களில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்து கோடு விழும் என்பதால், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைக் கலப்பார்கள். நம் பக்கத்தில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பெயிண்ட் நிதானமாகக் காய்ந்து, பிரஷ் கோடுகள் தாமாகவே மட்டமாகிவிடும். டாஷ்போர்டின் முள்வட்டங்கள், ஸ்டீயரிங், இருக்கை மடிப்பு போன்ற நுண்வேலைகளை மழைக்காலத்துக்கு என்றே ஒதுக்கலாம்.

கையில் இருக்கும் கேபினுக்கு வருகிறேன். வெண்மை லேசாக இருந்தால், ஈரப்பதம் குறைந்த ஒரு முற்பகலில் மெதுவாக ஆவியாகும் லாக்கர் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி) ஊற்றிப் பனிபோல மெல்லிதாகத் தூவுங்கள். மேல்பரப்பு சற்றே இளகி, சிக்கிய குழிகள் மூடிக்கொள்ளும். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் இதற்குப் பெயர்பெற்றது. காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் அதிலேயே கலந்திருக்கிறது. ஏர்பிரஷ் இல்லையென்றால் ஒரு வாரம் நன்றாகக் காயவிட்டு, 1500 அல்லது 2000 எண் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, மேலே மெல்லிய படலமாக மறுபடி அடியுங்கள். கனமாக ஒரே அடியாக அடிக்காதீர்கள். படலம் கனமானால் ஆவியாவதும் அதிகம், குளிர்வதும் அதிகம், வெளுப்பதும் அதிகம். முதல் இரண்டு சுற்று வெறும் தூவல். பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி. மூன்றாவது சுற்றில்தான் பரப்பு நனைந்து மின்ன வேண்டும். ஸ்பிரே டப்பாவை அடிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வையுங்கள். கை தாங்கும் சூடு போதும். கொதிநீரும் அடுப்பும் ஆபத்து, டப்பா வெடித்துவிடும்.

அடித்த கேபினைக் காயவைக்க மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தால் போதும். அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டுவைத்தால் தூசியும் ஈரமும் ஒருசேரத் தடுபடும். அடித்தவுடனே மூடிவிடாதீர்கள், முதல் ஆவி வெளியேறட்டும்.

பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மாடல் பெயிண்டுகள் மூன்று குடும்பம். டாமியாவின் டி.எஸ். ஸ்பிரே, மிஸ்டர் கலர் ஆகியவை லாக்கர். ஹம்ப்ரோல் டின் எனாமல். வல்லெஹோ தண்ணீர் வகை அக்ரிலிக். டாமியாவின் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் வரும் எக்ஸ், எக்ஸ்.எஃப். வரிசை ஆல்கஹால் கலந்த அக்ரிலிக். காய்ந்த லாக்கர் மேல் எனாமலும் அக்ரிலிக்கும் நிற்கும். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடிப்படலம் சுருங்கி மடிந்துவிடும். இந்த ஒரு விதியை மறக்காமல் இருந்தால் பல வண்டிகள் தப்பிக்கும்.

உள்ளூரில் டிங்கரிங் பட்டறைகளில் கிடைக்கும் கார் பெயிண்டையும் என்.சி. தின்னரையும் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்பார்கள். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். என்.சி. தின்னர் அதைக் கரைக்கும். பிரஷ்ஷில் தோய்த்துப் பூசினால் பரப்பு இளகிச் சொரசொரத்துப்போகும். ஸ்பிரேயில் மெல்லிய தூவலாக, மாடலுக்கென்றே செய்த பிரைமரின் மேல் அடித்தால் பெரும்பாலும் தாங்கும். எதை அடிப்பதானாலும், பாகங்கள் கோத்துவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் ஒரு துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் கார் கிளியரை (நிறமில்லாத மேல்பூச்சு) மட்டும் வீட்டுக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண லாக்கருக்குக்கூடத் துணி முகக்கவசம் போதாது. ஆவியைத் தடுக்கும் கார்பன் கேட்ரிட்ஜ் பொருத்திய கவசம் வேண்டும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. இதில் எந்தச் சலுகையும் இல்லை.

கடலோரக்காரர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு பொருள் தண்ணீர். பிளாஸ்டிக் பாகங்களை அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. நம் கிணற்றுத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் பாகத்தின் மேல் உப்புத்தூள் படிந்துவிடும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் இடையிடையே பொடிப்பொடியாகப் புடைக்கும், மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். கடைசி அலசல் குடிநீர் கேன் தண்ணீரில் இருக்கட்டும். ஸ்டிக்கர்களை ஊறவைப்பதும் அதிலேயே. உப்புத் தண்ணீரில் ஊறிய ஸ்டிக்கரைச் சுற்றிக் காய்ந்தபின் வெள்ளை வளையம் நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு. கம்ப்ரெசர் வைத்திருந்தால் அதன் தொட்டியில் சேரும் நீரை ஒவ்வொரு முறையும் திறந்து வடித்துவிடுங்கள். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் பிழிந்து வெளியே வருகிறது. குழாயில் ஈர வடிகட்டி இல்லையென்றால், பளபளத்துக்கொண்டிருக்கும் கேபின் மேல் திடீரென்று ஒரு நீர்த்துளி வந்து விழும்.

ஒட்டும் வேலையிலும் ஈரத்துக்குப் பங்கு உண்டு. பாலிஸ்டைரீனுக்கான மெல்லிய சிமென்ட், இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதற்குக் காற்றின் ஈரம் பொருட்டில்லை. சூப்பர் குளூவோ ஈரத்தால்தான் இறுகுகிறது. நம் பக்கத்தில் அது நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், அதன் ஆவி பக்கத்தில் வெள்ளையாகப் படியும். விண்ட்ஷீல்டு கண்ணாடியை அதனால் ஒட்டினால் கண்ணாடி புகைபடிந்துவிடும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான் சரி, காய்ந்தால் தெளிந்துவிடும்.

இனி மீன் லாரி. இந்தக் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கிட் தயாரிக்கும் டாமியா, இட்டாலெரி, ரெவெல் நிறுவனங்களின் பட்டியல்களில் நம் டாட்டா 407ஐயோ லேலண்டையோ தேடிக் களைத்துப்போக வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடும் வண்டிகளைத்தான் அவர்கள் போடுகிறார்கள். ஆனால் லாரிக்கு ஊர்முகம் கொடுப்பது கேபின் மட்டுமல்ல. நம் சாலைகளில் ஓடும் லாரியைத் தூரத்திலிருந்தே இன்ன ஊர்ப் பக்கத்து வண்டி என்று சொல்ல வைப்பது அதன் பாடி. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பட்டறைகளில் பலகையும் இரும்புச் சட்டமும் வைத்துக் கட்டி, பூவும் கொடியும் எழுதி அனுப்பும் அந்தப் பாடியைக் கிட்டில் யாரும் தரமாட்டார்கள். அதை நீங்களே ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் கட்ட வேண்டும்.

1/24 அளவு இதற்கு மிகவும் வசதி. அசலில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். பதினான்கு அடி பாடி ஏழு அங்குலம். ஆறு அங்குல அகலப் பலகை கால் அங்குலம். டேப்பை எடுத்துப் போய் நிற்கும் லாரியை அளந்துவந்தால் மனக்கணக்கிலேயே மாற்றிவிடலாம். ஓட்டுநரிடம் முதலில் சொல்லிவிட்டு அளங்கள். எதற்கு என்று தெரிந்தால் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடிப்பார். உங்கள் கிட், டிரெயிலர் இழுக்கும் டிராக்டர் வகையாக இருந்தால் சேஸிஸ் குட்டையாக இருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு சட்டங்களையும் வெட்டி, 'ப' வடிவ ஸ்டைரீன் பட்டைகளை உட்புறமாக வைத்து ஒட்டி நீட்டுங்கள். ஒட்டியதும் கண்ணாடிப் பலகை மேல் வைத்து எல்லாச் சக்கரங்களும் மட்டமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் வண்டி கடைசிவரை ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கும்.

பாடியின் பக்கத் தகடுகளில் கத்தியின் பின்முனையால் பலகைக் கோடுகளைக் கீறுங்கள். ரம்பத்தின் பல்லை நீளவாக்கில் இழுத்தால் மர நரம்பு விழும். ஏர் பிரேக் குழாய்க்குத் தூண்டில் நரம்பு கனகச்சிதம். அரை மில்லிமீட்டர் நரம்பு இந்த அளவில் 12 மில்லிமீட்டர் குழாய். தார்ப்பாய் கட்டும் கயிறு வேண்டுமென்றால் வலை பின்னும் நூல் இருக்கிறது. முறுக்கு தெரியும், தொய்வும் இயல்பாக விழும். மீன் பெட்டிகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள். இரண்டடிப் பெட்டி ஓர் அங்குலம்.

நீங்கள் கடலோரத்தில் இருப்பதன் மதிப்பு துருவை வரையும் இடத்தில்தான் தெரியும். உலகம் முழுவதும் மாடல் செய்கிறவர்கள் புகைப்படம் பார்த்துத் துரு வரைகிறார்கள். உங்களுக்கு அசலே வாசலில் நிற்கிறது. இப்பகுதிக் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தாங்கவென்றே பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில்தான் நம் மீன் லாரிகளும் நிற்கின்றன, அவற்றுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது.

மண்டபத்திலோ பாம்பனிலோ ஏற்றி முடித்த மீன் லாரி ஒன்றின் பின்கதவுக்குக் கீழே குனிந்து பாருங்கள். பனிக்கட்டி உருகிய தண்ணீர் கதவுக்கும் தரைப்பலகைக்கும் இடையிலுள்ள சந்து வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும். கீல் இருக்கும் இடத்தில் பெயிண்ட் முழுவதும் போய், இரும்பு ஏடுஏடாகக் கருஞ்சிவப்பில் உரிந்திருக்கும். அதற்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒழுகிய கோடுகள். கோடு தொடங்கும் இடம் அடர்த்தி, கீழே போகப்போக மெல்லிது. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் காய்ந்த உப்பின் மெல்லிய வெள்ளை விளிம்பு. இரண்டு விரற்கடை தள்ளி, தண்ணீர் படாத இடத்தில் பெயிண்ட் அப்படியே புதிதாக இருக்கும். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். துரு வண்டி முழுவதும் பரவலாகத் தூவியதாக இருப்பதில்லை. தண்ணீர் தங்கும் இடத்தில் தொடங்குகிறது, ஒழுகும் வழியில் போகிறது. நூறு மாடல்களில் தொண்ணூறு பார்த்தவுடனே பொய்யாகத் தெரிவதற்குக் காரணம், துருவுக்குக் காரணமே இல்லாமல் துருவை வைப்பதுதான்.

எங்கே வைக்கலாம்? விண்ட்ஷீல்டு ரப்பரின் கீழ்மூலைகள், கூரை ஓரத்து நீர்வழி, கதவின் அடிவிளிம்பு, மட்கார்டின் உள்வளைவு, படியின் இரும்பு, கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் சட்டத்தின் மேல்தட்டு. மணலும் கல்லும் தெறிக்கும் முன்பம்பரில் சின்னச் சின்னப் பொட்டுகள். பழைய என்ஜின் ஆயிலைச் சேஸிஸில் பூசிவைக்கும் ஓட்டுநர்களும் உண்டு. அந்த வண்டிகளில் அடிப்பகுதி துருவாக இராது. கரிய பிசுக்கில் மணல் ஒட்டி மங்கிய பழுப்பாக இருக்கும். உங்கள் லாரி எந்த வகை என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

அளவை மறந்துவிடாதீர்கள். மாடலில் ஒரு மில்லிமீட்டர் உரிசல் அசலில் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். பெரும்பாலான உரிசல்கள் ஊசிமுனை அளவில் இருந்தால்தான் நம்பும்படியாக இருக்கும்.

செய்யும் முறை இரண்டு. ஒன்று உப்பு முறை: துரு நிறத்தை முதலில் அடித்துக் காயவிட்டு, தண்ணீரால் லேசாக நனைத்து, வேண்டிய இடத்தில் உப்பைத் தூவி, அது காய்ந்தபின் மேல்நிறத்தை அடிப்பது. பிறகு உப்பைத் தேய்த்து எடுத்தால் அடியிலிருக்கும் துரு தெரியும். வெளிநாட்டுக் கையேடுகள் இதை மிக எளிது என்று எழுதும். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். இரவெல்லாம் காத்திருந்தாலும் காயாது. கடலோர இரும்பு ஓயாமல் துருப்பிடிப்பதற்கும் இதுதான் காரணம், படிந்த உப்பு அதை எப்போதும் நனைத்தே வைத்திருக்கிறது. ஆகவே இதையும் வறண்ட முற்பகலில் தொடங்கி அன்றே முடித்துவிடுங்கள். கல்லுப்பை அப்படியே போட்டால் கட்டிகட்டியாக விழும். இடித்துத் தூளாக்கி, தூளும் குருணையும் கலந்து தூவுங்கள். முடிந்ததும் கேன் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். மிச்சம் இருந்தால் மேலே அடிக்கும் கிளியருக்கு அடியில் பூத்துவிடும்.

மற்றது ஹேர்ஸ்பிரே முறை. நம் காற்றுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். துரு நிறம், அதன் மேல் லாக்கர் கிளியர், அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே, அதன் மேல் அக்ரிலிக் மேல்நிறம். காய்ந்து அரைமணிக்குள் தண்ணீரில் நனைத்த விறைப்பான பிரஷ்ஷால் மெல்லத் தட்டினால், அடியிலிருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து மேல்நிறம் உரியும். எங்கே, எவ்வளவு என்பது முழுக்க உங்கள் கையில்.

ஒழுகல் கோடுகளுக்கு ஓவியர்களின் ஆயில் பெயிண்ட் டியூப் போதும். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை ஆகிய மூன்றும் இருந்தால் கடலோரத்து லாரி ஒன்றை முடித்துவிடலாம். டியூபிலிருந்து பிதுக்கியதை ஓர் அட்டையில் சில மணிநேரம் விட்டுவையுங்கள். எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெயிண்ட் மினுக்கம் இல்லாமல் காயும். கீலுக்குக் கீழே ஊசிமுனையில் ஒரு பொட்டு வைத்து, டர்பன்டைன் தொட்டுத் துடைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். காய்ந்தபின் அதன் ஓரத்தில் மட்டும் வெள்ளையை மிக மிக மெல்லிதாக இழுங்கள். அந்த வெள்ளைக் கோடுதான் இது மீன் லாரி, மணல் லாரி அல்ல என்று சொல்லும்.

சைலன்சர் புகைக்கும் டயர் ஓரக் கருமைக்கும் கடையில் விற்கும் நிறப்பொடி வாங்க வேண்டியதில்லை. இம்மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். ஒரு துண்டை அரைத்து மெல்லிய துணியில் சலித்தால் அருமையான கரும்பொடி கிடைக்கும். ஆனால் வண்டியை நிறுத்தும் தரைக்குக் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். கால் மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் ஆறு மில்லிமீட்டர் கூழாங்கல். பார்வைக்கு மணலாக இருக்காது, சரளையாக இருக்கும். அதிலுள்ள உப்பு வேறு நாளடைவில் அடித்தளத்தை ஈரமாக்கிவிடும். சலித்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்த நுண்தூள்தான் ஒத்துவரும்.

நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து. இராமநாதபுரத்துக்கு டி.என். 65. தெருவில் ஓடும் யாருடைய எண்ணையும் எழுதாமல் நீங்களாக ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். கேபின் நெற்றியில் எழுதும் பெயர், பின்னால் தொங்கும் திருஷ்டிக் கயிறு, எலுமிச்சை எல்லாம் உங்கள் விருப்பம். எழுத்தைக் கணினியில் அச்சிட்டு ஒட்டுவதைவிட மூன்று சுழி (000 எண்) பிரஷ்ஷால் கையால் எழுதினால் அழகு. அசல் வண்டியிலும் பெரும்பாலும் கையால்தான் எழுதியிருக்கும், சற்றுக் கோணினாலும் பொருந்தும்.

முடித்த லாரியைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். சில கிட்களில் சக்கர அச்சு இரும்புக் கம்பி. கடலோரத்தில் அது உண்மையாகவே துருப்பிடித்து வீலில் கறை இறக்கிவிடும். பொருத்தும் முன்பே அதற்குக் கிளியர் ஒரு கை அடித்துவிடுங்கள். பழைய கிட்களில் வரும் மென்மையான வினைல் டயர்கள் நாளாவட்டத்தில் பிளாஸ்டிக் வீலை இளக்கி ஒட்டிக்கொள்ளும். வீலின் விளிம்பில் பெயிண்ட் படலம் இருந்தால் அந்தத் தொல்லை குறையும். கண்ணாடி அல்லது அக்ரிலிக் பெட்டி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், வெயில் நேராகப் படாத சுவர். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் புரட்டி எடுத்து மறுபடி வைக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியாக இருக்கட்டும்.